வாசலில் நிற்கும் பனிக்காலம்

தில்லியில் டிசம்பர் மாதம் பிறந்ததும், ஒளிப்படம் எடுப்பதில் ஆர்வமுள்ள சிறுவர் பலருக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. சிம்லாவுக்கோ மணாலிக்கோ சென்றால்தான் குளிர்காலத்தைப் படம் எடுக்க முடியும். நம் குடியிருப்பில் என்ன இருக்கிறது என்பதே அக்குறை. சாம்பல் நிற வானம், தூசி படிந்த மரங்கள், போர்வைக்குள் ஒடுங்கித் தேநீர் அருந்தும் மனிதர்கள் ஆகிய இவையெல்லாம் நாள்தோறும் காணும் காட்சிகள். நாள்தோறும் காண்பதாலேயே கண் அவற்றைக் கடந்து போய்விடுகிறது. ஆனால் வட இந்தியச் சமவெளியின் குளிர்காலம், ஆண்டின் பிற மாதங்களில் எளிதில் கிடைக்காத இரண்டினை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வைக்கிறது. ஒன்று, நாள் முழுவதும் சாய்ந்தே வரும் வெயில். மற்றொன்று, காற்றில் கண்ணுக்குப் புலப்படும் ஈரம். இவ்விரண்டையும் அறிந்துகொண்டவருக்கு மாடிப்படியும் துணிக்கொடியும் போதும்.

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். பனி என்னும் ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் துளியையும், தெருவை மறைக்கும் மூட்டத்தையும், இமயமலையில் பொழியும் வெண்பனியையும் குறிக்கும். இந்தியில் இவற்றுக்கு ஓஸ், கோஹ்ரா, பர்ஃப் என மூன்று சொற்கள் உள்ளன. தமிழில் பனித்துளி, மூடுபனி, வெண்பனி என அடைமொழி சேர்த்து வேறுபடுத்துவர். முதல் இரண்டும் தில்லியில் வேண்டிய அளவு கிடைக்கும்.

முதலில் வெயிலைக் காண்போம். டிசம்பர் 21 ஆம் நாளை ஒட்டி, நண்பகலில்கூடத் தில்லியின் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரமே ஏறுகிறது. ஜூன் மாதத்தில் அதே சூரியன் 85 பாகை வரை ஏறி, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. கோடை நண்பகலில் ஒரு மீட்டர் கோலை நட்டால் அதன் நிழல் ஒரு சாண் நீளத்தைக்கூட எட்டாது. டிசம்பர் நண்பகலில் அதே கோலின் நிழல் கோலைவிட நீண்டு, ஏறத்தாழ 128 சென்டிமீட்டர் இருக்கும். அதே நாளில் சென்னையில் நட்ட கோலின் நிழல் சுமார் 74 சென்டிமீட்டர்தான். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் மாணவர் இதனை அளந்து பார்க்கலாம். அளவுகோலும் குச்சியும் போதும்.

நிழல் நீண்டால் ஒளிப்படக்காரருக்கு என்ன பயன்? உச்சி வெயில் ஒரு பொருளின் மேற்பரப்பை மட்டும் ஒளிரச் செய்து, அதன் மேடு பள்ளங்களை மறைத்துவிடும். முகத்தில் விழுந்தால் கண்குழிகளை இருட்டாக்கும். சாய்வெயில் அவ்வாறு செய்வதில்லை. அது பக்கவாட்டில் தடவிச் செல்வதால் சுவரின் சொரசொரப்பு, கம்பளியின் ஒவ்வோர் இழை, பாட்டியின் கைச்சுருக்கம் ஆகிய அனைத்தும் சிறு சிறு நிழல்களைப் பெற்று எழுந்து நிற்கின்றன. மாடிப்படியின் கம்பித் தடுப்பு தரையில் தன்னைப்போல் இன்னொரு தடுப்பை வரைகிறது. மிதிவண்டியின் நிழல் மிதிவண்டியைவிடப் பெரிதாகிச் சுவரில் ஏறுகிறது. கோடையில் காலை ஏழு மணிக்குள் முடிந்துவிடும் இவ்வொளி, குளிர்காலத்தில் பிற்பகல் முழுவதும் நிலைக்கிறது. பண்டைத் தமிழர் பகலின் இப்பகுதியை எற்பாடு என்று அழைத்தனர். எல் என்பது சூரியன்; பாடு என்பது சாய்தல். சூரியன் சாயும் பொழுதுக்குத் தனிப்பெயர் வைத்தவர்கள் ஒளிப்படக் கருவியைக் கண்டதில்லை; எனினும் அப்பொழுதின் தன்மையை நன்கு அறிந்திருந்தனர்.

சாய்வெயிலுக்கு ஏற்ற முதற்பொருள் தமிழ்க் குடும்பங்களின் வாசலிலேயே உள்ளது. மார்கழி மாதத்தில் கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் வாழும் தமிழர் வீடுகளில் அதிகாலையில் கோலம் இடுவர். மேலிருந்து எடுக்கும் கோலப்படம் காகிதத்தில் அச்சிட்ட வரைபடம்போல் தட்டையாக அமையும். கைப்பேசியைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, சூரியனை எதிர்நோக்கிப் பிடித்தால், அரிசிமாவு இழை ஒவ்வொன்றும் ஒரு சிறு வரப்பைப்போல் தெரியும். மாவை எடுத்துச் செல்லும் எறும்புக்கும் அப்படத்தில் இடம் உண்டு. அடுக்குமாடியில் வெயில் எட்டாத வாசற்படியாயின், நடைபாதை விளக்கின் பக்க ஒளியும் ஏறக்குறைய இதே பயனைத் தரும்.

அடுத்தது மூடுபனி. காற்றசைவற்ற, மேகமற்ற குளிரிரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி, காற்றில் மிதக்கும் நுண்துகள்களைச் சுற்றி நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது. ஆயிரம் மீட்டர் தொலைவிலுள்ள பொருள் தெரியாமற்போனால் அதனை மூடுபனி என்று வானிலை அறிஞர் வரையறுப்பர். கங்கைச் சமவெளியில் சில காலைகளில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. தொடர்வண்டிகள் காலம் தாழ்ந்து வருவதும், விமானங்கள் காத்துக் கிடப்பதும் இதனால்தான்.

பயணிக்குத் தொல்லையான இதே மூடுபனி, படம் எடுப்பவருக்கு ஓர் உதவி செய்கிறது. நகரத் தெருவைப் படம் எடுக்கும்போது பெரிய இடையூறு, பின்னணியில் உள்ள வேண்டாத பொருள்களே. மின்கம்பிகள், விளம்பரப் பலகைகள், நிறுத்தப்பட்ட வண்டிகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் சட்டத்துக்குள் நுழைந்துவிடும். மூடுபனி அவற்றைத் துடைத்துவிடுகிறது. அருகில் உள்ள வேப்பமரம் கருமையாகவும், அதற்கு அடுத்த மரம் சாம்பலாகவும், அதற்கும் அப்பால் உள்ளது வெறும் சாயலாகவும் நிற்கும். தொலைவு என்பதே நிறமாக மாறிவிடுகிறது. பால் வாங்கச் செல்லும் ஒருவர், மிதிவண்டியில் செய்தித்தாள் கொண்டுவருபவர், பள்ளிப் பேருந்தின் மஞ்சள் விளக்கு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அச்சாம்பற் பரப்பில் வந்து சேரும்வரை காத்திருத்தலே இங்குச் செய்யவேண்டிய வேலை. ஓடித் தேடுவதைவிட ஓரிடத்தில் நிற்பது நல்லது.

இங்கு ஒரு நுட்பம் அறியத்தக்கது. ஒளிப்படக் கருவி, தான் காணும் காட்சி நடுத்தர வெளிச்சம் உடையது என்று கருதிக்கொண்டே ஒளியை அளக்கிறது. வெண்மை மிகுந்த மூடுபனியைக் கண்டால் ஒளி மிகுந்துவிட்டது என எண்ணி, படத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக மாறுவதற்கு இதுவே காரணம். கைப்பேசித் திரையில் விரலை வைத்தால் பல கருவிகளில் சிறு சூரியக்குறி ஒன்று தோன்றும். அதைச் சற்றே மேலே நகர்த்தினால் வெண்மை மீளும். குவியம் பிடிக்காமல் கருவி தடுமாறினால், மரத்தண்டின் விளிம்பு போன்ற தெளிவான கோடு ஒன்றின்மேல் விரலை வைக்கவேண்டும்.

ஆனால் தில்லியின் மூட்டம் எல்லாம் பனியன்று. புகையும் தூசியும் கலந்த நஞ்சுக்காற்றும் அதில் உண்டு. காற்றுத்தரக் குறியீடு 300 ஐக் கடந்தால் மிக மோசம் என்றும், 400 ஐக் கடந்தால் கடுமை என்றும் வகுத்துள்ளனர். அத்தகைய நாளில் படத்துக்காக வெளியே நிற்பது அறிவுடைமை ஆகாது. அன்று சன்னலே போதும்.

சன்னல் போதும் என்பது வெறும் ஆறுதல் மொழியன்று. செக் நாட்டுத் தலைநகரான பிராகாவில் ஜோசப் சுதெக் என்னும் ஒளிப்படக் கலைஞர் வாழ்ந்தார். முதல் உலகப்போரில் அவர் தம் வலக்கையை இழந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது நகரம் அயலாரின் பிடியில் இருந்தது. தெருவில் நின்று தடையின்றிப் படம் எடுக்க இயலாத காலம். அவர் தம் பணிக்கூடத்துச் சன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். 1940 முதல் 1954 வரை அச்சன்னலின் முன்னேயே திரும்பத் திரும்ப நின்றார். கண்ணாடியில் படிந்த நீர்த்துளிகள், உறைந்த பனியின் கோலங்கள், அவற்றின் ஊடே மங்கலாகத் தெரியும் முற்றத்து மரம், சன்னல் விளிம்பில் வைத்த ஒரு குவளை ஆகியவையே அப்படங்களின் பொருள். ஒரே சன்னல்தான், எனினும் ஒரு படம்போல் மற்றொன்று இல்லை.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த ஆந்திரே கெர்தேசும் அத்தகையவரே. ஹங்கேரியில் பிறந்து, பாரிசில் சில காலம் வாழ்ந்து, 1936 இல் நியூயார்க்கில் குடியேறியவர் அவர். புதிய நாட்டில் நெடுங்காலம் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்னும் வருத்தம் அவருக்கு இருந்தது. 1952 இல் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை நோக்கிய அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு மாறினார். உயரத்திலிருந்து கீழே நோக்கி, வெண்பனி மூடிய பூங்காவையும் இலையுதிர்த்த மரங்களையும், அவற்றினிடையே நடந்து செல்லும் மனிதரையும் படம் எடுத்தார். 1954 இல் எடுத்த அக்குளிர்காலப் படம் இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது. ஐந்தாம் மாடியில் வாழும் தில்லிச் சிறுவர்க்கும் இப்பார்வை வாய்க்கும். கீழே பூங்காவில் முதியோர் வெயிலுக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டே போவதை, காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் மேலிருந்து எடுத்தால், நிழல் துரத்தத் துரத்த நாற்காலிகள் இடம்பெயரும் கதை மூன்று படங்களில் அடங்கிவிடும்.

பனித்துளியைப் படம் எடுக்க விரும்புவோர் சற்று முன்னதாக எழவேண்டும். சூரியன் எழுந்து சிறிது நேரத்துக்குள் துளிகள் உலர்ந்துவிடும். டிசம்பர் இறுதியில் தில்லியில் சூரியன் ஏழு மணிக்குப் பின்னரே எழுவதால் இது அத்துணைக் கடினமான செயலன்று. புல்நுனித் துளி ஒன்றை அருகிருந்து நோக்கினால் அதனுள்ளே பின்னால் இருக்கும் வீடு தலைகீழாகத் தெரியும். துளி ஒரு குவிவில்லையைப்போல் செயல்படுவதே காரணம். சிலந்திவலையில் துளிகள் கோத்திருக்கும்போது, வலைக்குப் பின்னால் இருண்ட புதரோ நிழற்சுவரோ இருக்குமாறு நிற்கவேண்டும். வெளிறிய வானம் பின்னணியானால் வலை மறைந்துபோகும்.

இத்துறையில் வில்சன் பென்ட்லியின் பெயரைக் கூறாமல் இருக்க இயலாது. அவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த உழவர். நுண்ணோக்கியை ஒளிப்படக் கருவியுடன் இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 19. அதன்பின் தம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம் எடுத்தார். படிகம் உருகிவிடாதிருக்க, சூடேற்றப்படாத கொட்டகையில் குளிரைத் தாங்கிக்கொண்டு பணிபுரிந்தார். பனித்துளிகளையும் உறைபனியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்படங்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 1931 இல் நூலாக வெளிவந்தன. இத்தனைக்கும் அவை தம் பண்ணையில் வந்து விழுந்த பனியையே கொண்டு எடுத்தவை.

இனித் தெருவுக்கு வரலாம். தில்லியின் குளிர்காலத் தெருவுக்கெனச் சில தொழில்கள் உண்டு. நிலக்கடலைக் குவியலின்மேல் தணல் நிறைந்த சிறு மண்சட்டியை வைத்து விற்பவர், சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரி நெருப்பில் சுட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து தருபவர், வில் போன்ற கருவியின் நரம்பை மீட்டிப் பஞ்சு கொட்டி ரஜாய் தைத்துத் தருபவர் ஆகியோர் இம்மாதங்களில்தான் மிகுதியாகத் தென்படுவர். பஞ்சு கொட்டும் இடத்தில் சாய்வெயில் நுழைந்தால், காற்றில் பறக்கும் நுண்ணிழைகள் ஒவ்வொன்றும் ஒளிரும். பொறிகள் பெருகப் பெருக இக்கைத்தொழில் அருகி வருகிறது. ஆதலால் அழகுக்காக மட்டுமன்றிப் பதிவுக்காகவும் அது படம் எடுக்கத்தக்கது. தேநீர்க் கடையின் ஆவியும், பேசுவோர் வாயிலிருந்து எழும் வெண்மூச்சும், ஒளி பின்னாலிருந்து வந்து, பின்னணி இருண்டிருந்தால் மட்டுமே படத்தில் தெளிவாகத் தெரியும். ஒளியை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு எடுப்போருக்கு ஆவி அகப்படாது.

தெருவில் உள்ள மனிதர் மரமும் சுவரும் அல்லர். கடலை விற்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி, இரண்டு சொல் பேசி, படம் எடுக்கலாமா என்று கேட்ட பின்னரே கருவியை உயர்த்தவேண்டும். அவர் மறுத்தால் அம்மறுப்பை ஏற்றுக்கொண்டு நகரவேண்டும். இசைந்தால், எடுத்த படத்தை அவருக்குக் காட்டுவது நல்ல பழக்கம். அடுத்தமுறை செல்லும்போது ஒரு படி அச்சிட்டுக் கொடுப்பது அதனினும் சிறந்தது.

இதனினும் கவனம் வேண்டிய காட்சி ஒன்று உண்டு. தை மாதக் கடுங்குளிரில் நடைபாதை ஓரங்களில் குப்பையையும் சுள்ளிகளையும் எரித்துச் சிலர் குளிர்காய்வர். மேம்பாலத்தின் அடியில் ஒரு குடும்பம் ஒரே போர்வைக்குள் உறங்கும். நெருப்பின் செம்மையும் இருளும் சேர்ந்து அக்காட்சியைக் கண்ணுக்கு அழகாக்கிவிடுகின்றன. அங்குத்தான் சிக்கல் உள்ளது. உறங்குபவரிடம் இசைவு கேட்க இயலாது. வீடில்லாதவர்க்குக் கதவும் இல்லை. பிறர் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அவருக்கு இடமில்லை. அவ்வறுமையை உலகறியச் செய்யும் பொறுப்பேற்ற செய்தியாளரின் பணி வேறு. பழகுவதற்காகப் படம் எடுக்கும் மாணவரின் நிலை வேறு. அத்தகைய இடத்தில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, வீட்டில் பயன்படாமல் இருக்கும் கம்பளி ஒன்றைப் பெரியோர் துணையுடன் கொண்டுபோய்க் கொடுப்பதே தக்கது. எடுக்காமல் விடுகிற படமும் ஒளிப்படம் பயில்வோர் கற்றுக்கொள்ளவேண்டியவற்றுள் ஒன்று.

மீண்டும் வீட்டுக்குள் நுழைந்தால், பொருள்கள் இன்னும் மிகுதி. துணிக்கொடியில் காயும் கம்பளிச் சட்டைகளின் கைகள் ஆளில்லாமல் தொங்கும். தில்லிச் சந்தைக்குக் குளிர்காலத்தில் வரும் செந்நிறக் கேரட்டும், மண் ஒட்டிய முள்ளங்கியும், கட்டுக்கட்டான கடுகுக்கீரையும் சமையலறை மேடையில் கிடக்கும். சன்னல் அருகே வைத்து, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு எடுத்தால், அவற்றின் நிறம் உள்ளபடி விளங்கும். மின்விளக்கின் மஞ்சளும் வானின் நீலமும் கலந்தால் இரண்டுமே கெடும்.

தமிழர் வீடுகளுக்கே உரிய குளிர்காலப் பொருள் ஒன்று உண்டு. அது தேங்காய் எண்ணெய்ப் புட்டி. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் நீராகவே ஊற்றப்படும் எண்ணெய், தில்லியில் நவம்பர் முதல் வெண்மெழுகாகிக் கிடக்கும். பள்ளிக்குப் புறப்படும் முன் தலைவாருவதற்காகப் புட்டியை வெந்நீரில் நிறுத்தி வைப்பதும், விடுமுறை நாளில் சன்னல் வெயிலில் வைப்பதும் வழக்கம். வெயிலில் வைத்த புட்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கருவியை அசைக்காமல் ஒரே இடத்திலிருந்து எடுத்தால், விளிம்பில் தொடங்கும் தெளிவு மெல்ல மெல்ல உள்ளே பரவுவதும், நடுவில் ஒரு வெண்கட்டி மிதப்பதும், இறுதியில் ஒளி புட்டியை ஊடுருவி மேசையில் பொன்னிறத் திட்டாக விழுவதும் வரிசையாகக் கிடைக்கும். நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்புவதற்கு, மூட்டத்தில் மறைந்த இந்தியா கேட்டின் படத்தைவிட இவ்வரிசை பொருத்தமானது. தில்லியில் குளிர் எவ்வளவு என்று அவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது.

கருவியைப் பேணுவது குறித்தும் சிறிது அறிந்திருக்கவேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். பயன்படுத்தாதபோது கைப்பேசியைச் சட்டையின் உட்பையில் வைத்தால் உடற்சூடு அதனைக் காக்கும். கடுங்குளிரில் வெளியே இருந்த கருவியைச் சூடேற்றிய அறைக்குள் திடீரெனக் கொண்டுவந்தால், வில்லையின்மேல் ஈரம் படியும். பைக்குள் வைத்து மூடிச் சிறிது நேரம் கழித்துத் திறந்தால் போதும்.

தெற்கு நோக்கிய சன்னல் உள்ள வீட்டில், டிசம்பர் இறுதியில் நண்பகல் வெயில் அறையின் உட்புறம் நெடுந்தொலைவு வந்து விழும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே மூலையிலிருந்து அவ்வொளிக்கட்டத்தை எடுத்து, ஒவ்வொரு படத்தின்கீழும் நாளைக் குறித்து வரலாம். பொங்கலன்று அது கட்டிற்காலைத் தொட்டிருந்தால், பிப்ரவரியில் கட்டிலைவிட்டு விலகத் தொடங்கியிருக்கும். மார்ச் மாதம் 21 ஆம் நாளில் சூரியன் நண்பகலில் 61 பாகை உயரத்தை எட்டிவிடுவதால், ஒளிக்கட்டம் டிசம்பரில் இருந்த நீளத்தில் பாதிகூட இராது. அதற்குள் இலவமரங்கள் இலையற்ற கிளைகளில் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கும். ரஜாய்கள் உதறி மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகும். புட்டியில் எண்ணெய் மறுபடியும் நீராகியிருக்கும்.